கொன்வேட்டரைக் கழற்றி எறியுமுன்

கடந்த வெங்காய அறுவடையின்போது ஒரு கராஜ் வாசலில் சிறு வாக்குவாதம் ஒன்று என் முன்னால் நடந்தது. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, சொந்தக் காணிக்கு இன்னும் திரும்ப முடியாமல், குத்தகைத் தறைகளில் வெங்காயமும் மிளகாயும் செய்யும் ஐந்து குடும்பங்கள் கூட்டாக ஒரு பழைய யப்பான் பிக்கப் வைத்திருக்கின்றன. பெற்றோலில் ஓடும் வண்டி. இருபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டது. இருக்கும் வீடு ஓரிடம், செய்யும் தறை வேறிடம், விற்கும் சந்தை இன்னோரிடம் என்று வாழ்கின்ற இவர்களுக்கு அந்தப் பிக்கப் ஒரு கால் மாதிரி. அது நின்றால் இவர்களின் சீவியமும் நின்றுவிடும்.

அந்த வண்டி சில வாரங்களாக இழுக்க மறுத்தது. பாரம் ஏற்றினால் மூச்சு வாங்கியது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, உந்தக் கொன்வேட்டர் அடைச்சுப்போச்சு. புதுசு போடுறதெண்டால் கனக்க முடியும். உள்ளுக்கை இருக்கிற தேன்கூட்டைக் குத்தி எடுத்துப்போட்டு வெறுங் கூட்டைத் திருப்பிப் பூட்டிவிடுறன். வண்டி பறக்கும்."

ஆண்கள் நால்வரும் தலையாட்டினர். அவர்களுடன் வந்திருந்த ஒரு தாய் மாத்திரம் கேட்டார்: "தம்பி, பிறகு அதாலை வாற புகை பின்னுக்கு இருக்கிற எங்களுக்கு அடிக்காதோ?"

அவருக்கு ஒருவரும் சரியான பதில் சொல்லவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான என் பதில். கொன்வேட்டரைக் குடைந்து எறிவது ஏழைக்கு ஏற்ற மலிவான வழி என்று எங்களிடையே பரவியிருக்கும் எண்ணம் தவறானது என்பது என் கருத்து. அதேவேளை, பயந்துபோய்க் கடன்பட்டு விலை கூடியதை உடனே வாங்கிப் போடுவதும் புத்தியல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

அது செய்யும் வேலை

கற்றலிற்றிக் கொன்வேட்டர் என்பது எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையில், புகைக்குழாயில் பூட்டப்பட்டிருக்கும் ஓர் உருக்குக் கூடு. பார்த்தால் இன்னொரு சிறிய சைலன்சர் போலவே இருக்கும். உள்ளே தேன்கூடு போன்ற மெல்லிய துவாரங்கள் நிறைந்த வெண்களிக் கட்டி ஒன்று உண்டு. சிலவற்றில் அது மெல்லிய உலோகத் தகட்டினால் செய்யப்பட்டிருக்கும். அந்தத் துவாரங்களின் சுவர்களில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மிகச் சிறிய அளவில் பூசப்பட்டுள்ளன. இவையே ஊக்கிகள். பாடசாலையில் இரசாயனம் படித்த பிள்ளையைக் கேட்டால் சொல்லும்: ஊக்கி என்பது தான் செலவாகாமல் மற்றப் பொருள்களின் தாக்கத்தை விரைவாக்குவது.

பெற்றோல் எரியும்போது முழுவதும் எரிவதில்லை. எஞ்சினிலிருந்து காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவும், எரியாத ஐதரோகாபன்களும், நைதரசன் ஒட்சைட்டுகளும் வெளிவருகின்றன. சூடேறிய ஊக்கியைக் கடக்கும்போது இவற்றின் பெரும்பகுதி காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் நைதரசனாகவும் மாறிவிடுகின்றது. மூன்று நச்சுகளையும் மாற்றுவதால் இதை 'மூவழி' கொன்வேட்டர் என்பர். முதல் இரண்டையும் மாத்திரம் மாற்றுவது 'இருவழி'. கூடு ஏறக்குறைய 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடேறிய பின்னரே வேலை தொடங்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்ராட் செய்த முதற் சில நிமிடங்களில், நல்ல கொன்வேட்டர் இருந்தாலும் நச்சு அப்படியே வெளிவரும்.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாதிரி வாகனங்களிலிருந்து இது பரவலாகப் பூட்டப்பட்டது. ஈயம் கலந்த பெற்றோல் ஊக்கியின் மேல் படிந்து அதைச் சாகடித்துவிடும் என்பதால், கொன்வேட்டர் வந்த நாடுகளில் ஈயமில்லாப் பெற்றோலும் கூடவே வரவேண்டியிருந்தது. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னர் ஈயப் பெற்றோல் ஊற்றி ஓடிய வண்டியில் பழைய கொன்வேட்டர் இன்னும் மாற்றப்படாமல் இருந்தால், அது பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும்.

மண்ணெண்ணெய்க் காலத்துப் பழக்கம்

எங்கள் மெக்கானிக்குகளை நான் குறை சொல்லவில்லை. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளில் வாகனம் ஓடியதென்றால் அது அவர்களின் கைத்திறமையால் தான். சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஒஸ்பேட்டையும் கேம்பிறிட்ஜையும் ஓட்டினோம். இறைப்பு மெசினும் அப்படியே ஓடியது. கிடைக்காத உதிரிப்பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அது இல்லாமலே வண்டியை ஓடச் செய்வது அன்று பெரிய கெட்டித்தனம். அந்தக் கெட்டித்தனம் எத்தனையோ நோயாளரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது.

ஆனால் அந்தக் கார்களில் கொன்வேட்டர் இருக்கவில்லை. காபரேற்றரும் பிளக்கும் பைப்பும் மாத்திரம். இன்று எங்களிடம் உள்ள பிக்கப் வேறு வகை. அதற்குக் கூடவோ குறையவோ பெற்றோல் போகின்றது என்பதை ஒட்சிசன் சென்சர் அறிந்து சொல்ல, சிறு கணினிப் பெட்டி அதற்கேற்ப அளந்து விடுகின்றது. காற்றுக்கும் பெற்றோலுக்கும் உள்ள விகிதம் நிறையில் 14.7க்கு 1 என்ற அளவை அண்டி நிற்கும்போதே மூவழிக் கொன்வேட்டர் நன்றாக வேலை செய்யும். இதற்குள் மண்ணெண்ணெயைக் கலந்தால் எரிதல் குழம்பி, எரியாத எண்ணெய் கொன்வேட்டருக்குள் போய் எரியும். 2022ஆம் ஆண்டு ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறும்வரை, மலிவு என்று கலந்து ஊற்றியவர்கள் இருந்தார்கள். மிச்சம் பிடித்த காசைப் பின்னர் கராஜில் கட்டியவர்களும் அவர்களே.

தடைக்காலம் எங்களுக்குப் பழக்கிய பாடம், "இல்லாமலே ஓட்டு" என்பது. அந்தப் பாடத்தை எல்லாப் பாகத்துக்கும் பொருத்த முடியாது. கழற்றுகின்ற பாகம் யாருக்குக் காவலாக இருக்கின்றது என்று முதலில் கேட்க வேண்டும்.

பின்பெட்டியில் இருப்பவர்கள்

எங்கள் பிக்கப்பில் முன்னாசனத்தில் இருவர் அல்லது மூவர் இருப்பர். மற்ற எல்லோரும் பின்பெட்டியில். விடியற்காலையில் களை பிடுங்கப் போகும் பெண்கள், பாடசாலை விட்டு வழியில் ஏறும் பிள்ளைகள், மூட்டைகளுக்கு மேல் இருக்கும் பொடியன்கள். மழை வந்தால் படங்கை இழுத்து மூடிவிடுவோம். வண்டி ஓடும்போது அதன் பின்னால் காற்றின் அமுக்கம் குறைகின்றது. புகைக்குழாயிலிருந்து வரும் வாயு அந்த இடத்தில் சுழன்று பின்பெட்டிக்குள் திரும்பி வரும். படங்கு அதை வெளியே போகவிடாது.

காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தம் ஒட்சிசனைக் காவும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலையிடி, பிறகு தலைச்சுற்று, சத்தி, பிறகு மயக்கம். பிள்ளை நித்திரையாகிவிட்டது என்றே தாய் நினைப்பாள்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து மருத்துவ ஆய்வாளர்கள், பிக்கப்பின் பின்பெட்டியில் பயணம் செய்து காபனோரொட்சைட்டால் பாதிக்கப்பட்ட 20 பிள்ளைகளைப் பற்றி எழுதினர். பெரும்பாலானோர் மூடிய கூரையின் கீழும், சிலர் படங்கின் கீழும் இருந்தவர்கள். ஒரு பிள்ளை இறந்தது. இன்னொரு பிள்ளைக்கு நரம்புப் பாதிப்பு நிரந்தரமாக நின்றது. எல்லாச் சம்பவங்களிலும் வண்டியின் புகைக்குழாய் ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்தது, அல்லது அதன் வாய் பக்கவாட்டில் இல்லாமல் பின்புறமாகத் திறந்திருந்தது.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஆம் அக்கா, அடிக்கும். முன்னாசனத்தில் இருப்பவருக்கு வண்டி பறப்பது தெரியும். அதன் விலையைப் பின்னால் இருப்பவர் கொடுப்பார்.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். "பழைய வண்டிக்குக் கொன்வேட்டர் இல்லாமலும் புகைப் பரிசோதனையில் சேட்டிபிக்கற் எடுக்கலாம்" என்பார்கள். 2008ஆம் ஆண்டு தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையில், பெற்றோல் வண்டியில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் அளக்கப்படுகின்றன. அந்தச் சேட்டிபிக்கற் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெற முடியாது. நன்றாக ரியூன் செய்த பழைய எஞ்சின் சில வேளைகளில் கொன்வேட்டர் இல்லாமலும் அதில் தேறிவிடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அனுமதிப்பத்திரம் ஒட்டப்படுவது முன் கண்ணாடியில். படங்குக்குக் கீழே இருக்கும் பிள்ளையின் நெஞ்சுக்கு அது காவல் ஆகாது.

"பெரிய பஸ்களும் லொறிகளும் கக்குகின்ற புகைக்கு எங்கள் சின்ன வண்டி எம்மாத்திரம்?" என்பது இரண்டாவது மறுப்பு. நாட்டின் காற்றைப் பற்றிப் பேசினால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. எங்கள் பின்பெட்டியைப் பற்றிப் பேசினால் இல்லை. அங்கே வருவது எங்கள் வண்டியின் புகை.

முதலில் எஞ்சினின் நோயைத் தீர்க்கவும்

இனிக் காசு விடயத்துக்கு வருவோம். கொன்வேட்டர் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. எஞ்சினில் உள்ள நோய் அதைக் கெடுக்கின்றது. நோயை விட்டுவிட்டுப் புதியதைப் பூட்டினால், அதுவும் சில மாதங்களில் அதே கதிக்கு ஆளாகும். ஒரு போகத்து இலாபம் இரண்டு தரம் கரையும். ஆகவே கடைக்குப் போகுமுன் பின்வருவனவற்றைப் பாருங்கள்.

ஒன்று, பிளக்கும் பிளக் வயரும். ஒரு பிளக் எரியாவிட்டால் அந்தச் சிலிண்டரின் பச்சைப் பெற்றோல் நேரே கொன்வேட்டருக்குள் போய் எரியும். கூடு அளவுக்கு மிஞ்சிச் சூடேறித் தேன்கூடு உருகிக் கட்டியாகிவிடும். அடைப்புக்கு முதற்காரணம் இதுதான்.

இரண்டு, நீலப் புகை. எஞ்சின் ஒயில் குடிக்கின்றது என்று அர்த்தம். ஒயிலில் உள்ள பொசுபரசும் நாகமும் ஊக்கியின் மேல் படிந்து அதை மூடிவிடும். றிங் அல்லது வால்வு சீல் வேலை இருந்தால் அதை முதலில் செய்யவும்.

மூன்று, எஞ்சின் சூடேறிய பின்னும் நிற்காத வெள்ளைப் புகையும், குறைந்துகொண்டே போகும் றேடியேற்றர் தண்ணீரும். ஹெட் கஸ்கற் ஒழுகக்கூடும். கூலன்ற் கலந்த நீரும் ஊக்கிக்கு நஞ்சு. காலையில் மாத்திரம் வந்து மறையும் வெள்ளைப் புகை வெறும் நீராவி. அதற்குப் பயப்பட வேண்டாம்.

நான்கு, கறுப்புப் புகையும் கூழ்முட்டை மணமும். பெற்றோல் கூடப் போகின்றது. எயார் கிளீனர், இன்ஜெக்ரர், ஒட்சிசன் சென்சர் ஆகியவற்றைப் பார்க்கவும். பழைய காபரேற்றர் வண்டியானால் சோக் இறுகி நிற்கின்றதா என்று பார்க்கவும்.

ஐந்து, கொன்வேட்டருக்கு முன்னால் உள்ள குழாயிலும் கஸ்கற்றிலும் ஒழுக்கு. அங்கே ஒழுகும் வாயு ஊக்கியைக் காணாமலே வெளியேறிவிடும். சென்சரும் பொய்க் கணக்குச் சொல்லும்.

கொன்வேட்டர் உண்மையில் அடைத்துவிட்டதா என்பதையும் ஊகத்தில் முடிவு செய்யக்கூடாது. வண்டி நன்றாக ஆறிய பின் கூட்டைக் கையாலோ மரச் சுத்தியலாலோ மெல்லத் தட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் தேன்கூடு உடைந்துவிட்டது. அடைப்பை அறிய, முன்பக்க ஒட்சிசன் சென்சரைக் கழற்றி அந்தத் துவாரத்தில் அமுக்கமானியைப் பூட்டி அளக்கும்படி மெக்கானிக்கைக் கேளுங்கள். அமுக்கமானி இல்லாத இடத்தில், அந்தத் துவாரத்தைச் சற்றுத் திறந்து வைத்து எஞ்சினை முடுக்கும்போது இழுவை திரும்புகின்றதா என்று பார்க்கலாம். திரும்பினால் அடைப்பு உண்டு. அப்போது வரும் வாயு நச்சும் சூடும் மிக்கது; திறந்த வெளியில் மாத்திரம் செய்யவும். எரிபொருள் பில்டர் அடைத்தாலும் இதே மாதிரி மூச்சு வாங்கும். பில்டரின் செலவோடு முடிய வேண்டிய விடயத்துக்குக் கொன்வேட்டர் வாங்க வேண்டாம்.

டீசல் வண்டி வைத்திருப்போருக்கு

எங்கள் பகுதிகளில் உள்ள பழைய பிக்கப்களில் பெருந்தொகையானவை டீசல். அவற்றுள் அநேகமானவை கொன்வேட்டர் இல்லாமலே தயாரிக்கப்பட்டவை. "புகை கூடிவிட்டது, கொன்வேட்டர் போடு" என்று யாரும் சொன்னால் ஏமாற வேண்டாம். கறுப்புப் புகைக்கு மருந்து நொசிலிலும், டீசல் பம்பிலும், எயார் கிளீனரிலும் இருக்கின்றது. பெற்றோல் வண்டிக்குரிய மூவழிக் கொன்வேட்டரை டீசல் வண்டியில் பூட்டிப் பயனில்லை. டீசல் புகையில் ஒட்சிசன் மிகுந்திருப்பதால் நைதரசன் ஒட்சைட்டை அது மாற்றாது. புகைக்கரியும் துவாரங்களை அடைக்கும். டீசலுக்கென்று தனி ஒட்சியேற்றக் கொன்வேட்டர் உண்டு. வண்டி அதனோடு வந்திருந்தால் மாத்திரம் அதே வகையை மாற்றவும்.

எதை வாங்குவது?

எஞ்சின் சுகமாகி, கொன்வேட்டர் கெட்டுவிட்டது என்றும் உறுதியானால், சந்தையில் நான்கு வகை காண்பீர்கள்.

முதலாவது, தயாரித்த கொம்பனியின் அசல் புதிய பாகம். மிக நல்லது. ஆனால் பழைய வண்டியின் பெறுமதியோடு பார்த்தால் கட்டாது. பல மாதிரிகளுக்கு இப்போது கிடைப்பதும் அரிது.

இரண்டாவது, வேறு கொம்பனிகள் அதே வண்டிக்கென்று அளவாகச் செய்த புதிய பாகம். பழைய துவாரங்களிலேயே நட்டுப் பூட்டிப் பொருந்தும். எங்களைப் போன்றோருக்கு ஏற்றது இதுவென்பது என் எண்ணம்.

மூன்றாவது, எந்த வண்டிக்கும் வெட்டி ஒட்டக்கூடிய பொதுக் கூடு. விலை குறைவு. நல்ல வெல்டிங்காரர் இருந்து, எஞ்சினின் அளவுக்கு ஏற்றதைத் தெரிந்தால் இதையும் பாவிக்கலாம். 1,000 சீசீ வண்டிக்குரியதை 2,000 சீசீ வண்டிக்குப் பூட்டினால் அது தாங்காது.

நான்காவது, உடைத்த வண்டிகளிலிருந்து வெட்டி எடுத்த பழையது. இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கூடு பளபளத்தாலும் ஊக்கி செத்ததா உயிரோடு இருக்கின்றதா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. வேறு வழியே இல்லாதவர், பூட்டியபின் புகைப் பரிசோதனையில் அளந்து பார்த்து, குறைந்திருந்தால் மாத்திரம் காசு தருவதாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

கடையில் நிற்கும்போது செய்ய வேண்டியவை சில உண்டு. வண்டியின் செசி இலக்கத்தையும் எஞ்சின் மாதிரியையும் எழுதிக் கொண்டுபோங்கள். பழையது மூவழி என்றால் புதியதும் மூவழியாக இருக்க வேண்டும். சென்சர் பூட்டும் துவாரங்களின் எண்ணிக்கையும் இடமும் ஒத்திருக்க வேண்டும். கூட்டின் ஒரு வாயில் ரோச் லைற் அடித்து மறு வாயில் பாருங்கள். துவாரங்கள் ஒரே சீராக, உடைவில்லாமல் தெரிய வேண்டும். தேன்கூடே இல்லாத வெறுங் கூட்டையும் கொன்வேட்டர் என்று விற்பவர்கள் உண்டு. வாயு போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி, தயாரித்தவரின் பெயர், பாக இலக்கம் ஆகியவை கூட்டில் பொறிக்கப்பட்டிருப்பது நல்லது. ஒட்டிய தாளை மாத்திரம் நம்ப வேண்டாம்.

பூசப்பட்ட உலோகத்தின் அளவு வாங்குபவருக்குத் தெரியாது. மலிவானது மலிவாக இருப்பது பெரும்பாலும் அந்தப் பூச்சு குறைந்ததால்தான். ஆகவே எழுத்திலான உத்தரவாதத்தைக் கேளுங்கள். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு முதல், பிற கொம்பனிகள் செய்யும் புதிய கொன்வேட்டருக்கு 25,000 மைல், அதாவது ஏறக்குறைய 40,000 கிலோமீற்றர் வரை அது வேலை செய்யும் என்றும், வெளிக்கூட்டுக்கு 5 வருடம் அல்லது 50,000 மைல் என்றும் உத்தரவாதம் கேட்கப்படுகின்றது. எங்கள் கடைக்காரர் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவரல்லர். ஆயினும் "ஒரு வருடமாவது எழுதித் தருவீர்களா?" என்று கேட்பதற்கு அது எங்களுக்கு ஓர் அளவுகோல். எழுதித்தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

பூட்டும்போதும் கவனம் தேவை. பழையது இருந்த அதே இடத்தில் பூட்ட வேண்டும். வசதிக்காகப் பின்னால் தள்ளிப் பூட்டினால் போதிய சூடு கிடைக்காது. கஸ்கற் புதிதாகப் போட வேண்டும். சிலிக்கன் பசை பூசக்கூடாது, அதுவும் ஊக்கிக்கு நஞ்சு. வெல்டிங் பிடிக்குமுன் பற்றறி வயரைக் கழற்றவும், இல்லாவிட்டால் கணினிப் பெட்டி பழுதாகக்கூடும். புகைக்குழாயின் கடைசி வாய் பின்பெட்டியைத் தாண்டி வெளியே நீண்டிருக்கவும் வேண்டும். இது ஒரு துண்டுப் பைப்பின் செலவு. ஆனால் பின்னால் இருப்போருக்கு மிகப் பெரிய உதவி.

பூட்டிய பின்

பற்றறி இறங்கினால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளி ஸ்ராட் செய்வது வழக்கம். கொன்வேட்டர் உள்ள வண்டிக்கு அது கூடாது. எரியாத பெற்றோல் உள்ளே தேங்கி, எஞ்சின் பிடித்ததும் கூட்டுக்குள் எரியும். இன்னொரு பற்றறியிலிருந்து வயர் கொடுத்து ஸ்ராட் செய்வதே மேல்.

சூடான வண்டியை வைக்கோலின் மேலோ, காய்ந்த புல்லின் மேலோ, சருகின் மேலோ நிறுத்தாதீர்கள். கொன்வேட்டரின் வெளிக்கூடு நெருப்புப் பிடிக்கப் போதிய சூடு கொண்டது. சூட்டடிக்கும் காலத்தில் வயலுக்குள் வண்டி கொண்டுபோவோர் இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

கொன்வேட்டர் பூட்டிவிட்டோம் என்று படங்கை முழுவதும் மூடிப் பிரயாணம் செய்யலாம் என்றும் நினைக்க வேண்டாம். படங்கின் முன்பக்கத்தைத் திறந்து காற்றோட விடுங்கள். கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் முன்னாசனத்தில் இருத்துங்கள். நின்று பாரம் ஏற்றும்போது எஞ்சினை நிறுத்துங்கள். பின்னால் இருக்கும் ஒருவருக்குத் தலையிடியோ சத்தியோ வந்தால் வண்டியை நிறுத்தி எல்லோரையும் வெளிக்காற்றில் இறக்குங்கள். மயங்கினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

பழையதை என்ன செய்வது?

கழற்றிய பழைய கூட்டைப் பழைய இரும்பு வாங்குபவர் நிறுத்துப் பார்த்து இரும்பு விலைக்குக் கேட்பார். கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள உலோகங்களுக்கு உலகச் சந்தையில் நல்ல மதிப்பு உண்டு. 2021ஆம் ஆண்டில் ரோடியத்தின் விலை ஓர் அவுன்சுக்கு 20,000 அமெரிக்க டொலரைத் தாண்டியது. அந்த ஆண்டுகளில் பல நாடுகளில் இரவோடிரவாக வாகனங்களின் அடியில் புகுந்து கொன்வேட்டரை வெட்டிக்கொண்டு போகும் களவு பெருகியதற்கு இதுவே காரணம். பிறகு விலை இறங்கிவிட்டது. ஆயினும் அசல் கொன்வேட்டரின் உள்ளீடு இன்றும் இரும்பு அல்ல. இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். புதியதை விற்கும் கடைக்காரர் பழையதை எடுத்து விலையைக் கழிப்பாரா என்றும் கேளுங்கள். குடைந்து எடுக்கும் கராஜில், குடைந்த தேன்கூடு எங்கே போகின்றது என்று கேட்பதும் உங்கள் உரிமை. வீட்டில் வைத்து உடைக்க மாத்திரம் வேண்டாம். அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

சங்கங்களுக்கு ஒரு வார்த்தை

2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. புதியது வந்தாலும் அதன் விலை எங்களுக்கு எட்டாது. ஆகவே இன்னும் பல ஆண்டுகள் நாங்கள் இந்தப் பழைய பிக்கப்களோடுதான் சீவிக்கப் போகின்றோம். பழுது வந்தபின் கடனுக்கு ஓடுவதை விட, ஒவ்வொரு சந்தைப் பயணத்திலும் ஒரு சிறு தொகையை வண்டிக்கென்று ஒதுக்குவது நல்லது. ஒரு கொப்பியில் ஒயில் மாற்றிய நாள், பிளக் மாற்றிய நாள், ஓடிய கிலோமீற்றர் ஆகியவற்றை எழுதுங்கள். கூட்டு வண்டிக்குக் கொப்பி இல்லாவிட்டால் அதன் நோய்க்கு ஒருவரும் பொறுப்பில்லை. கூட்டங்களில் வண்டியைப் பற்றிப் பேசும்போது, அதில் பின்னால் இருந்து போகும் பெண்களையும் பேச விடுங்கள். உதவி நிறுவனங்கள் கிராமங்களுக்கு வாகனம் கொடுக்கும்போது அதன் பராமரிப்புக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

தொடக்கத்தில் சொன்ன ஐந்து குடும்பங்களும் அன்று கொன்வேட்டரைக் குடையவில்லை. மூன்றாவது சிலிண்டரின் பிளக் வயர் வெடித்திருந்தது. அதை மாற்றினார்கள். எயார் கிளீனரையும் மாற்றினார்கள். பிறகு அளந்து பார்த்தபோது கொன்வேட்டரும் பாதி உருகி அடைத்திருப்பது தெரிந்தது. மெக்கானிக் சொன்னதில் அந்தப் பகுதி சரிதான். இரண்டு கிழமை சந்தைக் காசில் மிச்சம் பிடித்து, ஒரு வருட உத்தரவாதத்துடன் பொருத்தமான புதியது வாங்கிப் பூட்டினார்கள். பழையதற்குக் கிடைத்த தொகை செலவில் ஒரு பங்கைக் குறைத்தது. வண்டி பறக்கவில்லை. ஆனால் வெங்காய மூட்டைகளோடு ஒழுங்காகச் சந்தைக்குப் போய் வருகின்றது.

அந்தத் தாய் இப்போதும் பின்பெட்டியில்தான் போகின்றார். படங்கின் முன்பக்கத்தை அவரே கட்டித் திறந்து வைக்கின்றார்.